சட்டப் பிரிவில் ‘மே’, ‘ஷல்’, ‘மஸ்ட்’: வாசிக்கும் முறை

வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்ட ஊழியர், மணவிலக்கு வழக்கில் சொத்துப் பங்கு கேட்டு நிற்கும் மனைவி, உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் சிறு வணிகர் ஆகியோர் தங்களுக்குரிய சட்டப் பிரிவைத் தேடிப்பிடித்து வாசிக்கும்போது, முதலில் கண்ணில் படுவது வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் ஒரு சிறு ஆங்கிலச் சொல்தான். அது ‘மே’ (may: ‘செய்யலாம்’) என்றிருந்தால், எதிர்த்தரப்பு மனம் வைத்தால்தான் உண்டு என்று சோர்ந்துவிடுகிறார்கள். ‘ஷல்’ அல்லது ‘மஸ்ட்’ (shall, must: ‘செய்ய வேண்டும்’) என்றிருந்தால், வழக்கே தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். ‘மே’ அதிகாரம் தருகிறது, மற்ற இரண்டும் கடமை விதிக்கின்றன என்பது தொடங்குவதற்கு நல்ல இடம்தான். ஆனால், அந்த அதிகாரம் யாருடைய நன்மைக்காகத் தரப்பட்டது, அந்தக் கடமை தவறினால் என்ன ஆகும் என்பவற்றை அந்தச் சொல் தனியாக நின்று சொல்வதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் சிங்கப்பூர்ச் சட்டங்களை வைத்து இங்கே விளக்க முயல்கிறேன்.

எந்த வாசகத்தை வாசிப்பது

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று என்றாலும், நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களின் வாசகம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழில் வரும் துண்டுப் பிரசுரங்களும் செய்தி விளக்கங்களும் பயனுள்ளவையே. ஆயினும், அவற்றில் உள்ள ‘செய்யலாம்’, ‘செய்ய வேண்டும்’ என்ற சொற்களின்மேல் வாதத்தைக் கட்டி எழுப்பக் கூடாது. தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் நடத்தும் ‘சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன்’ இணையத்தளத்தில் எல்லாச் சட்டங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே இன்று நடப்பில் உள்ள பதிப்பைத் திறக்க வேண்டும். உங்கள் பிரச்சினை பழையதென்றால், அது நடந்த தேதியில் நடப்பில் இருந்த பதிப்பைத் திறக்க வேண்டும்.

2021 டிசம்பர் 31ஆம் தேதி நடப்புக்கு வந்த 2020ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பில், பல சட்டங்களில் முன்பு ‘ஷல்’ இருந்த இடங்கள் எளிய நடைக்காக ‘மஸ்ட்’ என்று மாற்றப்பட்டன. சட்டத்தின் உட்பொருளை மாற்றும் அதிகாரம் அந்தத் திருத்தப் பணிக்குக் கிடையாது. எனவே, பழைய தீர்ப்பு ஒன்று ‘ஷல்’ என்ற சொல்லைப் பற்றிப் பேசுகிறது, இன்றைய பிரிவிலோ ‘மஸ்ட்’ இருக்கிறது என்பதற்காக அந்தத் தீர்ப்பை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அரசியலமைப்பு, தண்டனைச் சட்டம் போன்றவற்றில் ‘ஷல்’ இன்னமும் நிறையவே இருக்கிறது.

யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள்

எல்லா ‘ஷல்’லும் கட்டளை அல்ல. ‘இந்த ஒப்பந்தம் செல்லாததாகும்’, ‘ஓர் ஆணையம் அமைக்கப்படும்’, ‘இச்சட்டம் இன்ன தேதியில் நடப்புக்கு வரும்’ என்பன போன்ற வாக்கியங்களிலும் பழைய சட்டங்களில் அதே சொல்தான் வரும். அவை ஒரு சட்ட விளைவை அறிவிக்கின்றனவே தவிர, ஒருவரிடம் ஒரு செயலைச் செய்யுமாறு சொல்வதில்லை. ஆகவே, பிரிவை வாசித்தவுடன், இதைச் செய்ய வேண்டியவர் அல்லது செய்யக்கூடியவர் யார் என்று கேளுங்கள். அதற்கு ஆள் கிடைக்காவிட்டால், நீங்கள் பார்ப்பது கடமையோ அதிகாரமோ அல்ல.

ஆள் கிடைத்த பிறகு, ஒரே பிரிவுக்குள் சொற்கள் மாறி மாறி வருவதைக் கவனிக்க வேண்டும். வேலை நியமனச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு மிகச் சிறந்த பாடம். வேலையிட விவகாரங்களில் நம்மவர்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும் பிரிவும் அதுவே. ஊழியர் தவறாக நடந்துகொண்டார் என்ற காரணத்தின்பேரில், உரிய விசாரணைக்குப் பிறகு முதலாளி அவரை முன்னறிவிப்பின்றிப் பணிநீக்கம் செய்யலாம் என்று அது தொடங்குகிறது. அதற்குப் பதிலாகப் பதவியிறக்கம் செய்யலாம், அல்லது ஒரு வாரத்துக்கு மேற்படாமல் சம்பளமின்றி இடைநீக்கம் செய்யலாம் என்றும் சொல்கிறது. இவை யாவும் ‘மே’. ஆனால் ‘உரிய விசாரணைக்குப் பிறகு’ என்ற சொற்கள் அந்த அதிகாரத்தின் வாசலிலேயே நிற்கின்றன. விசாரணை நடத்தாத முதலாளி, ‘சட்டத்தில் மே என்றுதானே இருக்கிறது, அது என் விருப்பம்’ என்று சொல்ல முடியாது. விருப்பம் அவருக்குக் கிடைப்பதே விசாரணை முடிந்த பிறகுதான்.

அதே பிரிவின் பிற்பகுதி இன்னும் நுட்பமானது. விசாரணைக்காக ஊழியரை ஒரு வாரம் வரை இடைநீக்கம் செய்து வைக்கலாம் என்பது ‘மே’. அந்தக் காலத்தில் சம்பளத்தில் பாதிக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும் என்பது ‘மஸ்ட்’. விசாரணையில் தவறு எதுவும் வெளிப்படவில்லை என்றால், பிடித்து வைத்த சம்பளம் முழுவதையும் உடனே திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதும் ‘மஸ்ட்’. முதலாளிக்கு விருப்பம் உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் நாடாளுமன்றம் அடுத்தடுத்த வரிகளில் பிரித்து வைத்திருக்கிறது. இப்படி இரு சொற்களும் அருகருகே வரும் இடங்களில், சட்டம் இயற்றியவர்கள் வேறுபாட்டை மனத்தில் வைத்தே எழுதினார்கள் என்று நீதிமன்றங்கள் எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு பிரிவு முழுவதிலும் ஒரே சொல் மட்டும் வந்தால் அந்தத் துணை கிடைக்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘மே’ என்ற சொல் அதிகாரியிடமோ முதலாளியிடமோ பேசாமல் உங்களிடமே பேசினால், அது உங்கள் உரிமை. நியாயமான காரணமின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் ஊழியர் கோரிக்கை தாக்கல் செய்யலாம் என்ற வாசகத்தில், செய்வதும் விடுவதும் அவர் பாடு. ஆனால் அந்த உரிமைக்குக் காலவரம்பு உண்டு. பொதுவாக, வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சமரசப் பேச்சுக்கான கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். ‘செய்யலாம்’ என்றிருப்பதால் ஆற அமரச் செய்யலாம் என்று நினைத்து அந்த மாதத்தைக் கடத்திவிடுவதைவிட வருத்தமானது வேறில்லை.

‘மே’ எப்போது கடமையாகிறது

இந்தக் கேள்விக்குக் காமன்வெல்த் நாடுகள் எங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது 1880ஆம் ஆண்டு, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை வழங்கிய ஜூலியஸ் எதிர் ஆக்ஸ்ஃபர்ட் பிஷப் வழக்குத் தீர்ப்பு. தேவாலயப் பாதிரியார் ஒருவரின் வழிபாட்டு முறைகளைப் பற்றி அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த ஒருவர் புகார் கொடுத்தார். அதை விசாரிக்க ஆணையம் அமைப்பது பிஷப்புக்குச் ‘சட்டபூர்வமாகும்’ என்று 1840ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று சொன்னது. பிஷப் மறுத்துவிட்டார். அவர் அமைத்தே தீர வேண்டுமா என்பதே வழக்கு. அத்தகைய சொற்கள் வெறுமனே அதிகாரம் தருபவை என்றும், அவை தம்மளவில் கடமையை உண்டாக்குவதில்லை என்றும் கெய்ர்ன்ஸ் பிரபு விளக்கினார். ஆனால், செய்ய வேண்டிய காரியத்தின் தன்மை, அதன் நோக்கம், எந்தச் சூழலில் அது செய்யப்பட வேண்டும் என்பது, யாருடைய நன்மைக்காக அந்த அதிகாரம் தரப்பட்டதோ அவர்களின் உரிமை ஆகியவற்றுள் ஏதோ ஒன்று அந்த அதிகாரத்தோடு ஒரு கடமையைப் பிணைத்துவிடக்கூடும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். அந்த வழக்கில் அப்படி எதுவும் இல்லை என்று முடிவாகி, பிஷப்பின் மறுப்பு நிலைத்தது.

இந்தத் தீர்ப்பை ஆங்காங்கே ‘மே என்றால் சில நேரம் மஸ்ட்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். அது தவறான சுருக்கம் என்பது என் கருத்து. ‘மே’யின் பொருள் மாறுவதே இல்லை; அது அதிகாரமாகவே இருக்கிறது. அதோடு வேறோர் இடத்திலிருந்து கடமை வந்து சேர்கிறது. அந்த இடத்தைச் சுட்டிக்காட்ட முடியாதவர் வெறும் சொல்லை வைத்து வாதாடக் கூடாது. நடைமுறையில் இப்படிப் பாருங்கள்: ஒருவர் சட்டம் கேட்கும் நிபந்தனைகள் யாவற்றையும் நிறைவேற்றிவிட்டால், அதன் பிறகும் மறுப்பதற்கு அதிகாரியிடம் எடைபோட ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால், அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டிய கடமை இருக்கிறது என்று வாதிட இடமுண்டு. ‘தகுந்ததெனக் கருதினால்’, ‘தன் விருப்பப்படி’ போன்ற சொற்கள் கூடவே வந்தால், மிச்சம் நிறைய இருக்கிறது என்று பொருள்.

அப்படிப் பரந்த விருப்புரிமை இருந்தாலும் அதுவும் கட்டற்றதல்ல. எல்லா அதிகாரத்துக்கும் சட்ட எல்லை உண்டு, அதைப் பயன்படுத்திய விதத்தை நீதிமன்றம் ஆராய முடிய வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கு எழுந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் துறையில் நாடாளுமன்றம் 1989ல் சட்டத்தை மாற்றி அமைத்தது. ஆயினும் அந்தப் பொதுக் கொள்கை நிலைத்திருக்கிறது. ஆகவே, ‘மே’ என்று இருக்கும் இடத்தில் உங்களுக்குக் குறிப்பிட்ட முடிவைக் கேட்கும் உரிமை இல்லாமல் போகலாம். நேர்மையாகவும் பொருத்தமான காரணங்களின் அடிப்படையிலும் பரிசீலிக்குமாறு கேட்கலாம்.

‘மே’, ‘மஸ்ட்’ என்ற சொற்கள் இல்லாமலேயே அதிகாரமும் கடமையும் இப்படி இணைந்து வரும் இடமும் உண்டு. திருமணம், மணவிலக்கு பற்றிய சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவு, மணவிலக்கின்போது திருமணச் சொத்துகளை நியாயமான விகிதத்தில் பிரிக்க நீதிமன்றத்துக்கு ‘அதிகாரம்’ இருப்பதாகச் சொல்கிறது. அடுத்த உட்பிரிவு, அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதா, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும்போது எல்லாச் சூழல்களையும் கருத்தில் கொள்வது நீதிமன்றத்தின் ‘கடமை’ என்கிறது. வீட்டைப் பராமரித்ததும் பிள்ளைகளைக் கவனித்ததும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எவ்வளவு கிடைக்கும் என்பது நீதிபதியின் கையில் இருந்தாலும், சம்பாதிக்காத மனைவியின் உழைப்பை நீதிபதி கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

‘மே’, ‘மஸ்ட்’ என்ற இரு சொற்களுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு பெரியது என்பதைப் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 33பி பிரிவில் காணலாம். 2013 ஜனவரி முதல் நடப்பில் உள்ள அந்தப் பிரிவின்படி, குற்றவாளியின் பங்கு கடத்திக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு நின்றதென்று நிரூபிக்கப்பட்டு, அவர் கணிசமான உதவி செய்தார் என்று அரசுத் தரப்பும் சான்றளித்தால், நீதிமன்றம் மரண தண்டனைக்குப் பதிலாக ஆயுள் தண்டனை விதிக்கலாம். அப்போது 15 பிரம்படிகளுக்குக் குறையாமலும் விதிக்கப்படும். அவருடைய பங்கு அதே அளவோடு நின்று, தம் செயலுக்கான பொறுப்பைக் கணிசமாகக் குறைக்கும் மனநலக் குறைபாடும் அவருக்கு இருந்தது என்று நிரூபிக்கப்பட்டால், நீதிமன்றம் ஆயுள் தண்டனைதான் விதித்தாக வேண்டும். முதல் வகையில் நிபந்தனைகள் நிறைவேறிய பின்பும் நீதிபதியின் முன்னால் ஒரு தேர்வு இருக்கிறது. இரண்டாவது வகையில் அது இல்லை.

‘ஷல்’ எந்த அளவுக்குக் கட்டாயம்

1965ஆம் ஆண்டின் பொருள்விளக்கச் சட்டத்தில் 1993ல் சேர்க்கப்பட்ட 9ஏ பிரிவு, ஒரு சட்டத்தின் நோக்கத்தை முன்னெடுக்கும் பொருளையே மற்றப் பொருளைவிட விரும்பி ஏற்க வேண்டும் என்கிறது. இதைச் செய்யும் முறையை 2017ல் டான் செங் போக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று படிகளாக வகுத்தது. முதலில் அந்த வாசகம் தாங்கக்கூடிய பொருள்களைக் கண்டறிய வேண்டும். பிறகு நோக்கத்தைக் கண்டறிய வேண்டும். பின்னர் இரண்டையும் ஒப்பிட வேண்டும். வாசகம் தாங்காத பொருளை, நோக்கத்தின் பேரால் அதன்மேல் ஏற்ற முடியாது. மசோதாவின் விளக்கக் குறிப்பும், இரண்டாம் வாசிப்பில் அமைச்சர் ஆற்றிய உரையும் துணைக்கு வரும். ஆனால் அவை வாசகத்துக்கு அடுத்தபடிதான்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஹவ்காங் இடைத்தேர்தல் வழக்கைவிட வேறெதுவும் நன்றாகக் காட்டாது. 2012 பிப்ரவரியில் பாட்டாளிக் கட்சி தன் ஹவ்காங் உறுப்பினரை நீக்கியதால் அந்த இடம் காலியானது. காலியிடம் ‘தேர்தல் மூலம் நிரப்பப்படும்’ என்று அரசியலமைப்பின் 49ஆவது விதி சொல்கிறது. அங்கே நிற்பது ‘ஷல்’. காலவரம்பு எதுவும் அங்கே இல்லை. தொகுதிவாசியான ஒரு தமிழ்ப் பெண்மணி, தேர்தலை நடத்துமாறு பிரதமருக்கு உத்தரவிடக் கோரி நீதிமன்றம் சென்றார். மே 26ஆம் தேதி இடைத்தேர்தலும் நடந்து முடிந்தது.

உயர் நீதிமன்றம், அந்தச் சொல் நிரப்பும் வழியைத்தான் கட்டாயமாக்குகிறது என்று கண்டது. அதாவது, நிரப்புவதென்றால் நியமனத்தால் அல்ல, தேர்தலால்தான் நிரப்ப வேண்டும். ஆனால் நடத்துவதா வேண்டாமா என்பது பிரதமரின் விருப்பம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஜூலையில் இதை ஏற்கவில்லை. அண்மையில் நாடாளுமன்றத்தைக் கலைக்கும் எண்ணம் இருந்தாலொழிய, இடைத்தேர்தல் நடத்துவது பிரதமரின் கடமை. எப்போது என்பதில் மட்டும் அவருக்கு விருப்பம் உண்டு, அதுவும் நியாயமான காலத்துக்குள் என்று அது முடிவு செய்தது. தேர்தல் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் மேல்முறையீடு தள்ளுபடியானது. என்றாலும், தொகுதி மக்கள் பிரதிநிதி இல்லாமல் காலவரையின்றி இருக்க வேண்டியதில்லை என்ற சட்ட நிலை அந்தப் பெண்மணியின் வழக்கால்தான் தெளிவானது. அதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரு நீதிமன்றங்கள் மாறுபட்டதற்குக் காரணம், ‘ஷல்’லுக்கு இரு பொருள் இருந்தது அல்ல, வாக்கியத்தின் எந்தப் பகுதியை அது பற்றுகிறது என்பதில்தான் வேறுபாடு. உங்கள் பிரிவிலும் இதைக் கேளுங்கள்: கட்டாயமாவது செயலா, செய்யும் முறையா, காலமா? நாடாளுமன்ற விவாதங்கள் மலாய், ஆங்கிலம், மாண்டரின் அல்லது தமிழில் நடைபெறும் என்ற 53ஆவது விதியில், எல்லை நான்கு மொழிகள் என்பதுதான் கட்டாயம். அவற்றுள் எது என்பது பேசுபவர் விருப்பம். அதேபோல், 2019ல் மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதி (பல உறுப்பினர்கள் ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கப்படும் தொகுதி) பற்றிய வழக்கில், குழுத்தொகுதியில் ஓர் உறுப்பினர் மட்டும் விலகியதற்கு இடைத்தேர்தல் தேவையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியபோது, 49ஆவது விதியின் ‘ஷல்’ வலுவிழக்கவில்லை. அந்தக் கடமை தனி ஒரு குழுத்தொகுதி உறுப்பினரின் இடத்துக்குப் பொருந்தாது என்பதே முடிவு.

கடமை தவறினால் என்ன

கட்டாயம் என்று நிறுவிவிட்டால், அதை மீறிச் செய்த காரியம் தானாகவே செல்லாமல் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். இது தனிக் கேள்வி; தனியாகவே விடை காண வேண்டும். 1917ல் கனடாவிலிருந்து, அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற வழக்கில், வழக்கு விசாரணையில் அமரும் பொதுமக்களின் (ஜூரி) பட்டியலைச் சட்டப்படி திருத்த வேண்டிய அதிகாரிகள் திருத்தாமல் விட்டிருந்தார்கள். அதற்காகத் தீர்ப்பைச் செல்லாததாக்கினால், அந்த அதிகாரிகளைக் கட்டுப்படுத்த வழியில்லாத பொதுமக்கள்தான் பாதிக்கப்படுவார்கள், சட்டத்தின் நோக்கமும் நிறைவேறாது என்று கூறித் தீர்ப்பு நிலைநிறுத்தப்பட்டது.

நெடுங்காலம் இதைக் ‘கட்டாய விதி’, ‘வழிகாட்டு விதி’ என்று இரு வகையாகப் பிரித்துப் பெயரிட்டு வந்தார்கள். 1998ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் புராஜெக்ட் புளூ ஸ்கை வழக்கிலும், 2005ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொனேஜி வழக்கிலும் அந்தப் பெயரிடலை விட்டுவிட்டு, இந்தக் கடமையை மீறிய செயல் முற்றிலும் செல்லாமல் போக வேண்டும் என்று சட்டமன்றம் எண்ணியிருக்குமா என்று நேரடியாகக் கேட்டன. இத்தீர்ப்புகள் சிங்கப்பூர் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கக் கற்றுத் தருகின்றன. உங்கள் பிரிவிலேயே மீறலுக்கான விளைவு எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதியிராவிட்டால், யாருடைய தவறு, யாருக்குப் பாதிப்பு, நோக்கம் பெருமளவு நிறைவேறியதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்டனை வாசகங்களுக்கு இன்னும் ஒரு கவனம் தேவை. தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவில், திருடியவர் 3 ஆண்டு வரையிலான சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டாலும் ‘தண்டிக்கப்படுவார்’. இதில் எது என்பது நீதிமன்றத்தின் தேர்வு. குடியிருக்கும் வீட்டில் திருடுவதற்கான 380ஆவது பிரிவில், 7 ஆண்டு வரையிலான சிறையால் ‘தண்டிக்கப்படுவார்’, அபராதத்துக்கும் ‘உள்ளாகக்கூடியவர்’. இங்கே சிறை கட்டாயம், அபராதம் விருப்பம். இரு வாசகங்களிலும் ‘ஷல்’ இருந்தும் இந்த வேறுபாடு இருக்கிறது. நன்னடத்தைக் கண்காணிப்பு போன்ற மாற்று உத்தரவுகளுக்கு வேறு சட்டங்கள் இடம் தருவது தனி.

இத்தனையும் பார்த்த பிறகு, அக்கம்பக்கச் சட்ட ஆலோசனை முகாமுக்கோ வழக்கறிஞரிடமோ போகும்போது, பிரிவின் முழு வாசகத்தை, அதன் முன்பின் உட்பிரிவுகளோடும் வரையறைப் பிரிவோடும் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். ‘மே’, ‘ஷல்’, ‘மஸ்ட்’ வரும் இடங்களைக் கோடிட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் யாரிடம் பேசுகிறது, எந்த நிபந்தனைக்குப் பிறகு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். தேதி நெருங்கிவிட்டதென்றால், சொல்லின் பொருளைப் பற்றிய ஐயம் தீரும்வரை காத்திராமல், மனுவை முதலில் பதிவு செய்துவிடுங்கள்.